ஒரு பக்கம் மட்டும் டச்சுக்காரன்

அந்த மைக்கில் மீன் வாசம் அடித்தது. அதோடு கொஞ்சம் விபூதி வாசமும். கரையில் மீன் ஏலம் விடுவதற்கும், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளைச் சொல்வதற்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்த ஒரே மைக்தான். ஊர்த் தலைவர் கோதண்டம் அதை என் கையில் திணித்துவிட்டு, "பேசுங்க டீச்சர். நிறுத்தாம பேசிக்கினே இருங்க" என்றார்.

எதைப் பேசுவது என்று கேட்டேன்.

"எதனா பேசுங்க. காலேஜுல இன்னா பாடம் எடுப்பீங்களோ அத்தயே எடுங்க."

எதிரில் கடல் இருந்தது. அலைச் சத்தத்தை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன். மார்கழிக் கடைசியின் பனி இறங்கி, கோயில் வாசல் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் செய்திருந்தது. ஊருக்கே பேர் கொடுத்த லைட்ஹவுஸைக்கூடக் காணவில்லை.

அந்தப் பனிக்குள் எங்கேயோ ஒரு ஃபைபர் படகு நின்றுகொண்டிருந்தது. அதில் ஏழுமலையும் அவர் தம்பி சேகரும் இருந்தார்கள். முந்தின நாள் எனக்கும் என் மாணவர்களுக்கும் இறால் குழம்பு ஊற்றிச் சோறு போட்ட தேசம்மாவின் வீட்டுக்காரர்தான் ஏழுமலை. தேசம்மா இப்போது என் பக்கத்தில் நின்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது.

தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அது அங்கேயே இருக்கட்டும். வழக்கம்போல நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

ரெகுலேட்டர் இல்லாத ஃபேன்

இந்தத் தொடரில் என் வகுப்புகளைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து பழைய மாணவர்கள் போன் செய்து சிரிக்கிறார்கள். "மேடம், நீங்க எழுதறது ரொம்பக் கம்மி. நிஜத்துல இன்னும் மோசம்" என்றான் ஒருவன். இன்று அவன் பெரிய அதிகாரி. அன்று என் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கத் தெரிந்த ஒரே ஆள்.

எனக்குக் கல்லூரியில் பட்டப்பெயர் 'ரெகுலேட்டர் இல்லாத ஃபேன்'. ஒரே வேகம், ஒரே சத்தம், நிறுத்தவும் முடியாது. கீழே உட்கார்ந்தால் நல்ல தூக்கம் வரும். பட்டப்பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் பாடம், டச்சுக்காரர்கள் காலத்துப் பழவேற்காடு. துணி வாங்க வந்தவர்கள் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்த கதை. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்தத் தறியிலிருந்து எந்தத் துணி போனது என்று கையில் ஒரு தாள் இல்லாமல் சொல்லிக்கொண்டே போவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வகுப்பு அது. முதல் கப்பல் நங்கூரம் போடுவதற்குள் கடைசி பெஞ்ச் சாய்ந்துவிடும்.

கல்லூரிக்கு ஓவர்ஹெட் புரொஜெக்டர் வந்தபோது பிழைத்தேன் என்று நினைத்தேன். கோட்டையின் வரைபடத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து எடுத்துப் போனேன். படம் தெரிவதற்காக விளக்கை அணைத்தார்கள். முதல் பெஞ்சும் தூங்கிவிட்டது.

அடுத்து டேப் ரெக்கார்டர். என் குறை என்னவென்று நானே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வகுப்பை முழுதாகப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். கேசட்டைத் திருப்பிப் போடும் வரைகூட நான் தாக்குப்பிடிக்கவில்லை. என் பாடத்தில் நானே தூங்கிய அவமானத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

புத்தகமும் எழுதினேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறைக்குள் பயபக்தியோடு போய், ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதிய புத்தகம். பதிப்பாளர் மரியாதையானவர். பிரதியை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் தந்தார். "விவரமெல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா ஒரு எடத்துலகூட அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கத் தோணலையே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வரலாறு என்ன சினிமாவா என்று கேட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அந்த வருஷத்தோடு பழவேற்காட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறிக்கொள்வது என்று முடிவு செய்தேன். கடைசியாக ஒருமுறை மாணவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவோம் என்று கிளம்பிய பயணம்தான் அது.

வயலில் பாடிய டிரான்சிஸ்டர்

என் சொந்த ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கம். என் நைனா, அதாவது அப்பா, நெல் பயிர் செய்தவர். கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி வரும். நைனா தம் டிரான்சிஸ்டரைப் பம்புசெட் கூரையில் மாட்டி, சத்தமாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அது செய்தி வாசிக்கும், மாநிலச் செய்தி வாசிக்கும், அப்புறம் தெலுங்கில் ஏதோ நாடகம் போடும்.

"பன்னிக்குத் தெலுங்கு புரியுமா நைனா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னாத்துக்குப் புரியணும்? ஆள் கீதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

வகுப்பில் தூங்கும் முகங்களைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த டிரான்சிஸ்டர் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று தோன்றும். சொல்வது யாருக்கும் வேண்டாம், சத்தம் இருந்தால் போதும்.

சரி, குப்பத்துக்கு வருகிறேன்.

எல்லாப் பக்கமும் பாட்டு

முந்தின நாள் முழுக்க பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றினோம். வாசலில் செதுக்கி வைத்த எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் மாணவர்கள் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். காலையில் டீ கொண்டுவருகிறேன் என்ற தேசம்மா, டீ இல்லாமல் ஓடி வந்தாள். கையில் பக்கத்து வீட்டுச் செல்போன்.

செல்போன் அப்போதுதான் குப்பத்துக்குள் வந்திருந்தது. வீட்டுக்கு ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். ஏழுமலை அதைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கடலுக்கு எடுத்துப் போவார். இப்போது போல வழி காட்டும் கருவி எல்லாப் படகிலும் கிடையாது. கரையைக் கண்ணால் பார்த்து வருவதுதான்.

"கர தெரியலன்னு சொல்றாருங்க" என்றாள் தேசம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாட்டு கேக்குதாம். ஆனா எல்லாப் பக்கமும் அதே பாட்டு கேக்குதாம். எது நம்ம ஊருன்னு தெரியலன்னாரு. டீசலும் கம்மியா கீதாம். அதுக்குள்ள போன் ஆஃப் ஆயிடுச்சு."

மார்கழி மாதம். வடக்கிலும் தெற்கிலும் உள்ள எல்லாக் குப்பங்களிலும் விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். எல்லாரும் வாங்கி வைத்திருப்பது அதே கேசட்டுகள்தான். வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு எந்த அம்மன் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

வழி தப்புவதில் என்ன பயம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வாயில் மணல் திட்டுகள் இருக்கின்றன. தெரியாமல் அதன்மேல் வந்து ஏறினால், பின்னால் வரும் அலை படகைக் கவிழ்த்துவிடும். டீசல் தீர்ந்துவிட்டாலோ, அலையே கொண்டுபோய் அங்கே ஏற்றிவிடும். தேசம்மாவின் அண்ணன் அப்படித்தான் போனார் என்று யாரோ எனக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோதண்டம் கோயில் பாட்டை நிறுத்தியிருந்தார். ஒருவர் வேப்பமரத்தில் ஏறி, ஊரைப் பார்த்திருந்த ஸ்பீக்கர் குழாயைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குப்பங்களில் பாட்டை நிறுத்தச் சொல்ல ஆள் அனுப்பியிருந்தார்கள். பனியில் அவர்கள் போய்ச் சேர வேண்டும்.

முதலில் ஊர்க்காரர்களே மாற்றி மாற்றி மைக்கில் கூப்பிட்டார்கள். "ஏழுமலே! இப்பிடிக்கா வாடா! ஏ சேகரு!" ஆனால் எத்தனை முறை அதையே கூப்பிடுவது? தொண்டை கட்டியது. ஒருவர் விட்டு இன்னொருவர் வாங்குவதற்குள் இடைவெளி விழுந்தது. இடைவெளி விழுந்தால் படகில் இருப்பவர்களுக்குத் திசை போய்விடும் என்று கோதண்டம் கத்தினார். தேசம்மாவிடம் மைக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவளால் 'மாமா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் என் மாணவன் பிரபு முன்னால் போனான். எனக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்தவனே அவன்தான் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

"எங்க மேடம்கிட்ட குடுங்க சார். ரெண்டு பீரியடு சேர்ந்தாப்புல தண்ணிகூடக் குடிக்காம பேசுவாங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

எல்லாரும் உட்காருங்க

பழக்கதோஷம் யாரை விட்டது? மைக்கில் நான் பேசிய முதல் வார்த்தை, "எல்லாரும் உட்காருங்க." நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. நான் பாடத்தை ஆரம்பித்தேன்.

துணியில் தொடங்கினேன். நெய்த துணி, சாயம் தோய்த்த துணி, பூப்போட்ட துணி. அதை ஏற்றிக்கொண்டு கிழக்குத் தீவுகளுக்குப் போய், அங்கே துணியைக் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கிய கணக்கு. கோட்டையை எப்படிக் கட்டினார்கள், இங்கேயே வெடிமருந்து எப்படிச் செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் பனிக்குள் போய், எங்கோ மோதி, இன்னொரு பொம்பளை பேசுவதுபோலத் திரும்பி வந்தது. கோதண்டம் என் முன்னால் நின்று, இன்னும் இன்னும் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷ வாத்தியார் வேலையில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். அந்தப் பேச்சு அந்த நேரத்தில் வேண்டாம்.

ஆனால் வாய் ஓடும் வேகத்தில் இன்னொரு குழியில் போய் விழுந்தேன். டச்சுக்காரர்கள் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். வகுப்பில் வரிசையாகச் சொல்லிப் போகிற விஷயம் அது. அன்றைக்கு, "இங்கிருந்து கப்பல் ஏறினவங்க யாரும் திரும்பி வரல" என்று மைக்கில் என் குரல் கேட்டபோது, புடவைத் தலைப்பில் ஒரு இழுப்பு தெரிந்தது. திரும்பித் தேசம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

உடனே யாரையாவது கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

"ஒரு பையன் வந்தான்" என்று ஆரம்பித்தேன்.

யார் அந்தப் பையன்? எனக்குத் தெரியாது. எந்த ஆவணத்திலும் அவன் கிடையாது. விடைத்தாளில் இப்படி எழுதிய பிள்ளைகளுக்கு 'ஆதாரம் எங்கே?' என்று சிவப்பு மையில் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தவள் நான். அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் நைனா வீட்டுப் பேச்சில், இல்லாத ஒருவனைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

"கணக்கு எழுத வந்த டச்சுக்காரப் பையன். மீசைகூட மொளைக்கல. மாசக்கணக்கா கப்பல்ல வந்து, இதோ இந்த எடத்துக்கு எதிர்க்க நிக்கிறான். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. பனி வேற. கர எங்க கீதுன்னே அவனுக்குத் தெரியல. கையில ஒரு பொட்டி. அதுல அவங்கம்மா பின்னிக் குடுத்த கம்பளிச் சட்ட. நம்ம ஊர் வெயிலுக்குக் கம்பளியாம்!"

வேப்பமரத்தடியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இந்தக் கரையிலிருந்து ஒரு படகை அனுப்பினேன். அந்தப் பையனைக் கயிற்று ஏணியில் இறக்கினேன். படகுக்காரர்களைக் கொண்டு அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். முகத்துவாரத்துக்கு வந்ததும் ஒரு அலையைக் கிளப்பினேன்.

"படகு தூக்கிப் போட்டுச்சு. பையன் ரெண்டு கையாலயும் படகப் புடிச்சிக்கினான். பொட்டி தண்ணில வுழுந்திடுச்சி..."

அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

நான் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதீங்க டீச்சர்!" என்று ஊரே சேர்ந்து கத்தியது. எனக்குப் பையனும் மறந்துவிட்டான், பொட்டியும் மறந்துவிட்டது. வாயில் என்ன வரும்? என் வகுப்பின் வருகைப் பதிவை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அனிதா, அன்பழகன், பாஸ்கர். பிரபு பெயர் வந்தபோது அவன் பக்கத்திலிருந்து "உள்ளேன் மேடம்" என்று அழுதுகொண்டே சொன்னான்.

எஞ்சின் சத்தம் நிற்கும், வரும், நிற்கும். படகு கவிழ்ந்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் அடுத்த பெயரை இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர்கள் எஞ்சினை அணைத்து அணைத்து என் குரலைக் கேட்டு வருகிறார்கள் என்று கோதண்டம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பெயர்களெல்லாம் முடிந்து மறுபடி அனிதாவுக்கு வந்தபோது, பனிக்குள் நீல நிறமாக ஏதோ தெரிந்தது. படகின் மூக்கு. மணலில் அது உரசி நின்ற சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

மைக்கைக் கீழே வைத்தேன். அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் மணலில் உட்கார்ந்ததில்லை.

பொட்டி

தேசம்மா தண்ணீருக்குள் ஓடினாள். புருஷனைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தால், அவர் தோளிலும் முதுகிலும் போட்டுச் சாத்தினாள். "உஷாரா இருன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! எத்தினி வாட்டி சொன்னேன்!" அவர் வாங்கிக்கொண்டு நின்றார். சேகர் படகிலிருந்து இறங்கவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு கோயில் வாசலில் எல்லாரும் கூடினோம். ஊருக்கே பேச்சு வந்துவிட்டது. ஏழுமலை ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

"மொதல்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் பாட்டு. ஒரே பேஜாரா பூட்ச்சு. டீசல் வேற அடியில கீது. திடீர்னு ஒரு பக்கம் மட்டும் பாட்டு நின்னுச்சு. யாரோ கூப்புட்றது வுட்டு வுட்டுத்தான் கேட்டுச்சு, எந்தப் பக்கம்னு புடிபடல. கொஞ்ச நேரம் கழிச்சி அங்க ஒரு பொம்பள டச்சுக்காரன் டச்சுக்காரன்னு இன்னாவோ நிறுத்தாம சொல்லுது. சேகரு சொல்றான், அண்ணே, மத்த எல்லாப் பக்கமும் சாமி, ஒரு பக்கம் மட்டும் டச்சுக்காரன், அங்கயே வுடுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நைனாவின் டிரான்சிஸ்டரை நினைத்துக்கொண்டேன். அர்த்தம் வேண்டாம், ஆள் இருப்பது தெரிந்தால் போதும். அப்படியே இருக்கட்டும், இரண்டு உயிர் கரை சேர்ந்தால் நான் டிரான்சிஸ்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனசார நினைத்தேன்.

தேசம்மா டீ கொண்டுவந்தாள், காலையில் கொண்டுவருகிறேன் என்று சொன்ன அதே டீ. எனக்கு முதல் டம்ளரைக் கொடுத்தாள். ஏழுமலைக்கு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தப் பையன் பொட்டி தண்ணில வுழுந்துச்சே. அப்பால இன்னா ஆச்சு? நீங்க பாட்டுக்கு அத்த வுட்டுட்டு யார் யார் பேரோ படிக்க ஆரம்பிச்சிட்டீங்க."

டம்ளரை மணலில் வைத்தேன். அதற்குள் படகிலிருந்து இறங்கி வந்திருந்த சேகரும், "ஆமா டீச்சர், அவங்கம்மா குடுத்த சட்ட ஆச்சே" என்றான். கோதண்டம் திரும்பினார். பிரபு திரும்பினான். என் வகுப்பில் ஒருநாளும் நிமிராத முகங்களெல்லாம் என்னைப் பார்த்துக் காத்திருந்தன.

எந்த ஆவணக் காப்பகத்திலும் அதற்குப் பதில் கிடையாது. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி சொன்னதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவள் நான்.

"கெடச்சிடுச்சி" என்றேன். "உங்க ஊர் ஆளுங்கதான் குதிச்சி எடுத்துக் குடுத்தாங்க."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, ஏழுமலை டீயை வாங்கிக்கொண்டார்.